வழாநிலை மட்டும் போதுமா? ஸ்பானியத் தொடர்கள் ஆங்கிலமாகும் வகை

ஸ்பானிய இலக்கியத்தின் முடிமணியாகிய 'தோன் கிஹோத்தே' என்னும் கதைநூலின் இரண்டாம் பாகம் 1615ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் ஆசிரியர் மிகுவேல் தெ செர்வாந்தெஸ், தம் கதைத்தலைவனைப் பார்சலோனா நகரத்து அச்சுக்கூடம் ஒன்றினுள் புகவிடுகிறார். இத்தாலிய நூலொன்றை ஸ்பானிய மொழியில் பெயர்த்து அச்சேற்ற வந்திருக்கும் ஒருவரை அவன் அங்கே காண்கிறான். மொழிபெயர்ப்பைப் படிப்பது, ஃபிளாண்டர்ஸ் நாட்டுச் சித்திரக் கம்பளத்தைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதை ஒக்கும் என்பது அவன் அவரிடம் கூறும் கருத்து. உருவங்கள் புலப்படும்; ஆயினும் இழைகள் ஊடே நின்று, முன்பக்கத்தின் வழவழப்பையும் வண்ணத்தையும் மறைத்துவிடும்.

இவ்வுவமை தோன்றி 400 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அந்த ஸ்பானிய மொழியை ஆங்கிலத்தில் பெயர்ப்போர்க்கு, இழையும் முடிச்சும் வெளியே தெரிந்துவிடுமோ என்னும் அச்சம் இன்றும் தீர்ந்தபாடில்லை. 'மொழிபெயர்ப்பு என்றே தோன்றவில்லை. ஆங்கிலத்திலேயே எழுதியது போலிருக்கிறது' என்பதுதான் ஒரு பெயர்ப்புக்குக் கிடைக்கும் தலைசிறந்த பாராட்டு. இலக்கணப் பிழை இருத்தலாகாது. நடை இயல்பாய் ஓடவேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் எண்ணுகின்றனர். தமிழிலக்கணம் வகுத்த சொற்களால் கூறின், வழு நீங்கி வழாநிலை எய்துவதே மொழிபெயர்ப்பின் முடிந்த முடிவு என்பது இவர்தம் கொள்கை.

இக்கொள்கை பாதி உண்மை. மறுபாதியை மறந்துவிடுவதால் விளையும் கேடு சிறிதன்று. ஸ்பானியர் நாள்தோறும் பேசும் எளிய தொடர்களே இதற்குப் போதிய சான்று.

சொல்லுக்குச் சொல்

முதற்கண் அந்தப் பாதி உண்மையை நோக்குதல் முறை. பசித்த ஸ்பானியர் 'தெங்கோ ஆம்ப்ரே' என்பார். 'தெங்கோ' என்பது 'உடையேன்'. 'ஆம்ப்ரே' என்பது 'பசி'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'ஐ ஹேவ் ஹங்கர்' என்றாகும். ஆங்கிலேயர் எவரும் அவ்வாறு பேசார். 'ஐ ஆம் ஹங்க்ரி' என்பதே அவர் வழக்கு. ஸ்பானியர்க்கு உடைமையாய் நிற்கும் பசி, ஆங்கிலேயர்க்கு ஒரு நிலையைக் குறிக்கும் அடைமொழியாய் நிற்கிறது. வயதும் அவ்வாறே. 'தெங்கோ வெய்ன்தே ஆன்யோஸ்' என்பார் '20 ஆண்டுகளை உடையேன்' என்கிறார். ஆங்கிலமோ 'ஐ ஆம் ட்வென்டி' என்கிறது.

'மே குஸ்தா எல் கஃபே' என்பது மற்றொரு தொடர். இதில் காப்பியே எழுவாய். விரும்புகின்றவர் நான்காம் வேற்றுமைப் பொருளில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலம் இதனைத் தலைகீழாக்குகிறது. ஆளை எழுவாயாக்கி, காப்பியைச் செயப்படுபொருளாக்கி, 'ஐ லைக் காஃபி' என்கிறது. பொதுவாகக் காப்பி என்னும் பொருளைக் குறிக்கும்போதும் ஸ்பானியம் விடாது சேர்க்கும் 'எல்' என்னும் சிறுசொல், ஆங்கிலத்தில் உதிர்ந்துவிடுகிறது. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று பேசிப் பழகிய தமிழர்க்கு இத்தொடரின் அமைப்பு வியப்பளிக்காது. இவ்விடத்தில் ஆங்கிலேயரைக் காட்டிலும் தமிழரே ஸ்பானியர்க்கு அண்மையில் நிற்கின்றனர்.

'நோ தெங்கோ நாதா' என்பதில் எதிர்மறை இருமுறை வருகிறது. ஸ்பானிய இலக்கணம் அதனை வேண்டுகிறது. செம்மையான ஆங்கில இலக்கணம் அதனை விலக்குகிறது. ஆதலின் 'ஐ டோன்ட் ஹேவ் எனிதிங்' என்று ஒன்றைக் களைந்தே எழுதுதல் வேண்டும். 'ஆசே ஃப்ரியோ' என்பதற்குச் 'குளிர் செய்கிறது' என்பது நேர்ப்பொருள். செய்வது எது என்னும் வினாவே அங்கு எழுவதில்லை. ஆங்கிலமோ எழுவாய் இன்றி அசையாது. பொருளற்ற 'இட்' என்னும் சொல்லை முன்னிறுத்தியே குளிரைச் சொல்லும்.

மரபுத்தொடர்களில் இவ்வேறுபாடு இன்னும் விரியும். 'தார் ஆ லூஸ்' என்பதற்கு 'வெளிச்சத்துக்குக் கொடுத்தல்' என்பது சொற்பொருள். பிள்ளை பெறுதல் என்பதே வழக்குப் பொருள். 'தோமார் எல் பெலோ' என்றால் தலைமயிரைப் பிடித்தல். பொருளோ கேலி செய்தல். ஆங்கிலேயர் கேலி செய்யுங்கால் மயிரை விட்டுக் காலை இழுப்பர். விலை மிகுந்த பண்டத்தை வாங்கிய ஸ்பானியர், அதற்காக முகத்திலுள்ள கண்களில் ஒன்றைக் கொடுத்ததாகக் கூறுவார். ஆங்கிலேயர் ஒரு கையும் ஒரு காலும் கொடுத்ததாகக் கூறுவார். தமிழர் யானை விலை, குதிரை விலை என்பார். இத்தகைய இடங்களில் சொல்லைக் காப்பாற்ற முயல்வோர் பொருளைக் கொன்றவராவர்.

இதுகாறும் கண்டவற்றில், இயல்பான ஆங்கிலம் வேண்டும் என்பாரின் பக்கமே வழக்கு நிற்கிறது. இதற்குமேல்தான் அவர் கொள்கை தளரத் தொடங்குகிறது.

ஒலியால் ஏய்க்கும் சொற்கள்

ஸ்பானிய மொழி இலத்தீனின் வழிவந்தது. ஆங்கிலமும் இலத்தீனிலிருந்து, சிறப்பாகப் பிரெஞ்சு வாயிலாக, எண்ணிறந்த சொற்களைக் கடன்கொண்டது. ஆகவே இருமொழிச் சொற்கள் பல உடன்பிறந்தார் போலத் தோற்றமளிக்கும். ஒரே முகம், ஆனால் உள்ளம் வேறு. 'எம்பராசாதா' என்னும் சொல்லைக் கேட்போர் 'எம்பரஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை எண்ணி, நாணமுற்றவள் என்று கொள்வர். கருவுற்றவள் என்பதே அதன் பொருள். 'எக்ஸிதோ' என்பது வெளியேறும் வழியன்று, வெற்றி. 'ஆக்துவால்மென்தே' என்பது 'உண்மையில்' அன்று, 'இப்பொழுது'. 'சென்சிப்லே' என்பது நல்லறிவுடையார்க்குரிய சொல்லன்று. எளிதில் உள்ளம் கலங்குவார்க்குரியது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. கருவுற்ற பெண்ணை நாணமுற்ற பெண்ணாக்கிய ஆங்கில வாக்கியத்தில் இலக்கண வழு எதுவும் இராது. நடையும் இயல்பாகவே ஓடும். வழாநிலை ஒன்றையே உரைகல்லாகக் கொண்டவர் இவ்வாக்கியத்தைச் சரி என்று ஏற்றுக்கொள்வர். 'ஐ ஹேவ் ஹங்கர்' என்னும் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பொருள் மாறிய பிழையோ நல்ல ஆடை உடுத்து நடமாடும்.

அது நடமாடினால் என்ன நேரும் என்பதற்கு 1980ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நிகழ்ந்தது ஓர் எடுத்துக்காட்டு. 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அவன் குடும்பத்தார் கியூப மரபினர். அவர்கள் அவன் நிலையைக் குறிக்க 'இன்தோக்ஸிகாதோ' என்னும் சொல்லை வழங்கினர். உண்டதோ குடித்ததோ ஒவ்வாமல் நோயுற்றவன் என்பது அவர்கள் வழக்கில் அதன் பொருள். அச்சொல் 'இன்டாக்ஸிகேட்டட்' என்னும் ஆங்கிலச் சொல்லாகக் கொள்ளப்பட்டது. அளவு மீறிப் போதைப்பொருள் உட்கொண்டவனாகக் கருதி அவனுக்கு மருத்துவம் செய்தனர். உண்மையில் அவனுக்கு மூளையுள் குருதி கசிந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்குப் பின்னரே அது கண்டறியப்பட்டது. அதற்குள் கைகால்கள் நான்கும் செயலற்றுப் போயின. அவன் வாழ்நாள் முழுமைக்குமாக ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் டாலர் ஈட்டுத்தொகைக்கு வழக்கு முடிந்தது. இருமொழியும் கற்றுத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்தல் வேண்டும் என்று அன்று எவர்க்கும் தோன்றவில்லை. அனைவர்க்கும் அச்சொல் விளங்கிவிட்டதாகவே தோன்றியதுதான் அதற்குக் காரணம்.

பண்டமும் பழமொழியும்

மருத்துவமனையில் பொருள் ஒன்றே. அதைப் பிடித்தால் போதும். இலக்கியத்திலோ ஒரு தொடர் ஒரே வேளையில் இரண்டு பணிகளைச் செய்யும். அங்கே மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு வேறு வகையானது. அதற்கும் 'தோன் கிஹோத்தே'யே நல்ல உரைகல்.

தாமஸ் ஷெல்டன் அந்நூலின் முதற்பாகத்தை 1612இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 40 நாட்களில் அதனைப் பெயர்த்ததாக அவரே தம் காணிக்கையுரையில் கூறுகிறார். பின்னர் 1700இல் பீட்டர் மொட்டோவும், 1742இல் சார்லஸ் ஜார்விஸும், 1755இல் டொபையாஸ் ஸ்மாலெட்டும், 1885இல் ஜான் ஓர்ம்ஸ்பியும் தத்தம் பெயர்ப்புகளை வெளியிட்டனர். 2003இல் ஈடித் கிராஸ்மனின் பெயர்ப்பு வந்தது. இடையிலும் பலர் உளர்.

கதையின் முதல் அதிகாரத்தில், தலைவன் சனிக்கிழமைதோறும் உண்ணும் உணவுக்குத் 'துவேலோஸ் இ கெப்ரான்தோஸ்' என்று பெயர் வருகிறது. 'துயரங்களும் முறிவுகளும்' என்பது சொற்பொருள். முட்டையும் பன்றியிறைச்சியும் கலந்த எளிய உணவு என்று பலர் கூறுவர். சனிக்கிழமையில் முழு இறைச்சி உண்ணாமல் ஒருவகை நோன்பு காக்கும் வழக்கம் காஸ்தீல் நாட்டில் இருந்தது என்பதும் கருதத்தக்கது.

இச்சிறு தொடரை ஆங்கிலத்தார் ஆக்கிய வகை பல. ஷெல்டன் இறைச்சித் துண்டும் முட்டையும் என்றார். ஜார்விஸ் முட்டையடை என்றார். மொட்டோ துயரும் முனகலும் என்றார். ஸ்மாலெட் வயிற்றுவலியும் முணுமுணுப்பும் என்றார். ஓர்ம்ஸ்பி மிச்சம் மீதித் துண்டுகள் என்றார். கிராஸ்மன் முட்டையும் நோன்பும் என்றார். இவற்றுள் இலக்கண வழுவுடையது ஒன்றுமில்லை. ஆங்கிலத்துக்கு ஒவ்வாததும் ஒன்றுமில்லை. எனவே வழாநிலை என்னும் அளவுகோல் இவற்றைத் தரம் பிரிக்க உதவாது. ஷெல்டன் தட்டைக் காட்டுகிறார்; அதன் பெயரிலுள்ள துயரம் போய்விட்டது. மொட்டோவும் ஸ்மாலெட்டும் துயரத்தைக் காட்டுகின்றனர். தட்டில் என்ன இருந்தது என்பது போய்விட்டது. கிராஸ்மன் தட்டிலுள்ளதையும், அதன் பின்னே நிற்கும் வறுமை கலந்த நோன்பையும் இரண்டே சொற்களில் பிடித்துவிட்டார். சொல்லுக்குச் சொல்லும் இல்லை. எனினும் பொருளின் இரு பக்கமும் நிற்கின்றன. மற்றவற்றினும் இது மேம்பட்டது என்று துணிந்து கூறலாம்.

பழமொழிகளிலும் இச்சிக்கலே. 'கையிலுள்ள ஒரு பறவை, பறக்கும் நூறு பறவைகளினும் மேல்' என்பது ஸ்பானிய வழக்கு. ஆங்கிலேயரிடமும் கைப்பறவைப் பழமொழி உண்டு. ஆனால் அவர்க்கு அது புதரிலுள்ள இரண்டு பறவைகளுக்கே ஈடு. நூறு இரண்டாகக் குறைந்தாலும் கருத்துக்குக் குறைவில்லை, மாற்றி வைக்கலாம். 'வைகறையில் எழுவோர்க்குக் கடவுள் துணைநிற்பார்' என்பது இன்னொரு ஸ்பானியப் பழமொழி. இதற்கு நேராக ஆங்கிலேயர் கூறுவது, முந்தி எழும் பறவைக்கே புழு கிடைக்கும் என்பது. விரைவின் பயனை இரண்டுமே கூறும். ஆயினும் முன்னதில் இருந்த கடவுள் பின்னதில் இல்லை. அவர் இடத்தில் ஒரு புழு நெளிகிறது. வாணிகர் ஒருவர் பேச்சில் இம்மாற்றம் பொருந்தலாம். செபமாலையைக் கையில் ஏந்திய மூதாட்டி தன் பேரனுக்குக் கூறும் மொழியாயின் பொருந்துமோ? அவள் ஊட்டியது நம்பிக்கை. மொழிபெயர்ப்பு ஊட்டுவது போட்டி.

செர்வாந்தெஸின் சாஞ்சோ வாய் திறந்தால் பழமொழி மழையாய்ப் பொழியும். அவன் தலைவன் அதற்காக அவனைக் கடிந்துகொள்வதும் உண்டு. அத்தனை பழமொழிகளுக்கும் ஆங்கிலப் பழமொழிகளையே மாற்றாக வைத்துவிட்டால், லா மாஞ்சா நாட்டு உழவன் மறைந்து லண்டன் தெருவில் பண்டம் விற்பவன் ஒருவன் அவன் கழுதைமேல் ஏறிக்கொள்வான். மொட்டோவின் பெயர்ப்பில் லண்டன் வாடை வீசுகிறது என்று ஓர்ம்ஸ்பி குறைகூறியது இதுபற்றியே. அவரே ஷெல்டனையும் விடவில்லை. ஒரு ஸ்பானியச் சொல் எங்கு வந்தாலும் ஒரே ஆங்கிலச் சொல் எங்கும் பொருந்தாது என்பதை ஷெல்டன் உணரவில்லை என்றார். ஒருவர் ஸ்பானியத்துக்கு மிகவும் அஞ்சினார். மற்றவர் ஆங்கிலத்துக்கு மிகவும் அஞ்சினார். இரண்டு அச்சமும் குறையே.

தோன்றா எழுவாய்

தமிழைப் போன்றே ஸ்பானியமும் எழுவாயை மறைத்துப் பேசும் மொழி. 'யேகோ தார்தே' என்றால் காலந்தாழ்ந்து வந்த செய்தி மட்டும் கிடைக்கும். வந்தது ஆணா, பெண்ணா, முன்னே நிற்கும் மதிப்பிற்குரியவரா என்பதை வினைமுற்று காட்டாது. தமிழ் வினைமுற்று 'வந்தான்', 'வந்தாள்' என விகுதியால் பாலுணர்த்தும். ஸ்பானிய வினைமுற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. 'சு லிப்ரோ' என்னும் தொடரும் அவனுடைய நூல், அவளுடைய நூல், அவர்களுடைய நூல், தங்களுடைய நூல் என்னும் பல பொருள்களுக்கும் பொது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்ந்தது தவறாயினும் வாக்கியம் பழுதின்றியே நிற்கும். முன்பின் வாக்கியங்களை நோக்காமல் தனித்தொடரை மட்டும் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லும் பயிற்சிகள் எத்துணைக் குறையுடையன என்பதை இச்சிறு தொடரே காட்டும்.

சொற்கிடக்கையும் பொருள் தரும். 'ஓம்ப்ரே போப்ரே' என்று அடைமொழி பின்வந்தால் பொருளில்லாதவன். 'போப்ரே ஓம்ப்ரே' என்று முன்வந்தால் இரங்கத்தக்கவன். இரண்டையும் 'புவர் மேன்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிடலாம்; வழு இல்லை. ஆனால் பின்னவன் செல்வனாகவும் இருக்கக்கூடும். ஒரு சொல்லின் இடமாற்றத்தில் ஸ்பானியம் வைத்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் வேறு சொல்லால்தான் காட்டவியலும்.

தேர்ந்தவர் இத்தகைய நுட்பங்களில் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதற்கு ஒரு நூற்பெயரே சான்று. கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கெஸ் 1967இல் வெளியிட்ட புதினத்தின் பெயர் 'சியேன் ஆன்யோஸ் தெ சொலெதாத்'. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்பது அதன் பொருள். கிரெகரி ரபாஸா அதனை 1970இல் ஆங்கிலமாக்கினார். 'நூறு' என்பதற்கு ஆங்கிலத்தில் 'எ ஹண்ட்ரட்' என்றும் கூறலாம், 'ஒன் ஹண்ட்ரட்' என்றும் கூறலாம். முன்னது ஏறக்குறைய நூறு என்னும் தளர்ந்த பொருளையும் தரும். பின்னது எண்ணி வைத்த நூறு. அக்கதையில் வரும் நூறு விதித்து வைக்கப்பட்ட நூறு என்று கண்ட ரபாஸா பின்னதையே தேர்ந்தார். 2005இல் வெளிவந்த தம் நினைவு நூலில் இதுபற்றி விளக்கியும் இருக்கிறார். இரண்டும் இலக்கணப்படி சரி. இரண்டும் இயல்பான ஆங்கிலம். கதை முழுவதையும் உளங்கொண்டவர்க்கே இரண்டனுள் ஒன்றே சரி என்பது புலப்படும்.

விழுந்ததா? வீழ்த்தினானா?

இனி, இவ்வாராய்ச்சியின் உயிர்நிலையாகிய தொடருக்கு வருதல் வேண்டும். கையிலிருந்த கண்ணாடிக் குவளை தவறி விழுந்து உடைந்தால், ஸ்பானியர் 'சே மே கயோ' என்பார். குவளை தானே விழுந்தது. அவ்வீழ்ச்சி எனக்கு நேர்ந்தது என்பது இதன் அமைப்பு. குவளையே எழுவாய். பேசுவோர், அந்நிகழ்ச்சியால் தாக்குண்டவராக நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்கிறார். ஆங்கிலேயரோ 'ஐ டிராப்ட் இட்' என்பார். அங்கே பேசுவோரே எழுவாய், குவளை செயப்படுபொருள். தமிழர் 'கை தவறி விழுந்துவிட்டது' என்பார். 'விழுந்தது' தன்வினை, 'வீழ்த்தினேன்' பிறவினை. இவ்வேறுபாட்டைத் தமிழாசிரியர் எவர்க்கும் விளக்கவேண்டியதில்லை. கை தவறி விழுந்ததை வீழ்த்தியதாக எழுதிய மாணவனை அவர் வாளா விடார்.

'ஐ டிராப்ட் இட்' என்பது இயல்பான ஆங்கிலம். குவளைக்கு அது போதும். ஆனால் அதே தொடரைக் காவல் நிலையத்தில் ஒருவன் கூறினால்? விழுந்தது குவளையாக இராமல் ஆளாக இருந்தால்? ஐக்கிய அமெரிக்கக் காவல்துறை விசாரணைப் பதிவுகளை ஆராய்ந்த மொழியியலாளர் லூனா ஃபிலிப்போவிச், இத்தகைய ஸ்பானியத் தொடர் ஆங்கிலத்தில் செய்வினையாக மாறுங்கால், தற்செயலாக நேர்ந்தது என்னும் பொருள் மங்கிவிடுவதை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆங்கில வினை, வேண்டுமென்றே விட்டதற்கும் பொது. கை தவறியதற்கும் பொது. ஸ்பானியன் தன் வாய்மொழியிலேயே 'நான் வேண்டிச் செய்ததன்று' என்று கூறியிருக்கிறான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அது இல்லை.

கெய்ட்லின் ஃபாஸியும் லேரா போரோடிட்ஸ்கியும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் வலிவூட்டும். வேண்டுமென்றே செய்யப்பட்ட செயல்களையும் தற்செயலாக நேர்ந்தவற்றையும் படக்காட்சிகளில் காட்டி, ஆங்கிலம் பேசுவோரையும் ஸ்பானியம் பேசுவோரையும் அவர்கள் வினவினர். வேண்டுமென்றே செய்தவற்றை இருசாராரும் செய்தவனை முன்னிறுத்தியே கூறினர். தற்செயல் நிகழ்ச்சிகளிலோ, செய்தவனை முன்னிறுத்திக் கூறியோர் ஆங்கிலம் பேசுவோருள்ளேயே மிகுதி. அத்தகைய நிகழ்ச்சிகளில் அவன் யார் என்பதைப் பின்னர் நினைவுகூர்ந்ததிலும் அவர்களே முந்தினர். வாக்கிய அமைப்பு வெறும் ஆடையன்று. யார் காரணர் என்று எண்ணும் எண்ணத்தோடும் அது பிணைந்து நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

இதனைப் பெயர்க்க ஆங்கிலத்தில் வழியில்லாமல் இல்லை. 'இட் ஸ்லிப்ட் அவுட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்' என்னலாம். 'தற்செயலாக' என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்க்கலாம். வாக்கியம் சற்றே நீளும். வழக்கமான ஆங்கிலத்திலிருந்து இழையளவு விலகவும் கூடும். விலகட்டும். தமிழிலக்கணம் வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நின்றுவிடவில்லை. வழுவமைதி என்னும் மூன்றாவதையும் வகுத்தது. காரணம் கருதி நேரும் விலகலை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை அது. மொழிபெயர்ப்புக்கு மிகவும் வேண்டியதும் அம்மூன்றாவதே. ஒருவனுடைய குற்றமின்மையைக் காக்கும் ஒரு சொல், நடையின் ஓட்டத்தைச் சிறிது தடுத்தால் தடுக்கட்டும்.

நீயும் தாங்களும்

ஸ்பானியத்தில் முன்னிலை ஒருமைக்கு 'தூ' என்றும் 'உஸ்தேத்' என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது நெருக்கம் காட்டும்; பின்னது மதிப்புக் காட்டும். 'தங்கள் கருணை' என்னும் பொருள்பட வழங்கிய 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்னும் தொடரே தேய்ந்து 'உஸ்தேத்' ஆயிற்று. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ' ஒன்றே. நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் பல வைத்த தமிழர்க்கு இவ்விழப்பின் அளவு நன்கு விளங்கும்.

இத்தனை நாளும் 'உஸ்தேத்' என்று அழைத்தவன் ஒரு நாள் 'தூ' என்று மாறினால், அது காதலாகவும் இருக்கலாம், அவமதிப்பாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'யூ' என்பது 'யூ' ஆகவே நிற்க, அத்திருப்பம் ஓசையின்றி மறையும். திறமுடையார் இதனை வேறிடத்தில் ஈடுசெய்வர். 'சர்' என்னும் விளி, பெயரைச் சுருக்கி அழைத்தல், வாக்கியத்தின் பணிவு ஆகியவற்றால் அம்மாற்றத்தை உணர்த்துவர். சாஞ்சோ தன் தலைவனை விளிக்கும் மதிப்புத் தொடருக்கு ஓர்ம்ஸ்பியும் கிராஸ்மனும் வெறும் 'யூ'வோடு அமையாமல், ஆங்கிலத்தின் பழைய மதிப்பு விளிகளைத் தேடி வைத்தது இக்கருத்துப் பற்றியே. இன்றைய பேச்சில் அவ்விளிகள் இல்லை என்பதனால் அவற்றை இயல்பற்றவை என ஒதுக்குவார், தலைவனும் ஏவலனும் என்னும் உறவையே ஒதுக்கினவராவர்.

உரைகல் மூன்று

ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர்க்குத் தகுதி வகுக்கும் சட்டம் 1978இல் இயற்றப்பட்டது. இருமொழி பேசத் தெரிந்தவர் எவரும் மொழிபெயர்க்கலாம் என்னும் எண்ணத்தை அது மறுத்தது. எனினும் வகுப்பறைகளிலும் தேர்வுத்தாள்களிலும் அவ்வெண்ணம் இன்னும் மறையவில்லை. ஸ்பானியத் தொடர் ஒன்று. அதற்கு ஆங்கில விடை ஒன்று. பிழையின்றி எழுதினால் முழு மதிப்பெண் என்னும் முறையே எங்கும் காணப்படுகிறது. இம்முறை 'ஐ ஹேவ் ஹங்கர்' என்று எழுதும் மாணவனைத் திருத்தும், திருத்துவதும் நன்றே. ஆனால் பிழையற்ற ஆங்கிலத்தில் பொய் எழுதும் மாணவனை அது கண்டுகொள்ளாது.

ஆதலின் ஒரு பெயர்ப்பை உரைத்துப் பார்க்க உரைகல் மூன்று வேண்டும். ஆங்கில இலக்கணத்துக்கு ஒத்ததா என்பது ஒன்று. ஆங்கிலம் பேசுவோர் வழக்குக்கு ஒத்ததா என்பது இரண்டு. மூலத்தார் கூறாத எதனையும் அவர் வாயில் திணிக்காமலும், அவர் கூறிய எதனையும் பறிக்காமலும் இருக்கிறதா என்பது மூன்று. முதலிரண்டையும் ஆங்கிலம் மட்டும் அறிந்தவரே சோதித்துவிடலாம். மூன்றாவதற்கு இருமொழியும் வேண்டும். அதனினும் மேலாக, பேசியவர் யார், யாரிடம், எந்நிலையில் பேசினார் என்று ஓர்ந்தறியும் பொறுமை வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று மாறுபடும் வேளையில் எதற்குத் தலைமை என்னும் வினா எழும். பசியைப் பற்றிய பேச்சாயின் வழக்குக்கே தலைமை தரலாம். பழமொழியாயின் பேசுவோர் யார் என்று நோக்கித் துணிதல் வேண்டும். நோயாளியின் நிலையும் குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாய்மொழியும் ஆயின், மூன்றாவதற்கே தலைமை. அங்கே ஆங்கிலம் சற்று இடறினாலும் குற்றமில்லை; பேசியவர் இடறி விழாமல் இருந்தால் போதும்.